ஸ்பார்ட்டகஸ் முகத்தைத் துடைத்தது யார்?

மலைச் சரிவிலே மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்லர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதத் தலைகள். உடலிலே விலங்கு. முகத்திலே புழுதி. போரிலே தோற்றுவிட்டார்கள். எதிரே குதிரை மீது ரோமாபுரியின் அறிவிப்பாளன். ஸ்பார்ட்டகஸ் என்பவனைக் காட்டிக் கொடுங்கள், செத்திருந்தால் பிணத்தையாவது காட்டுங்கள், காட்டினால் சிலுவைக்குத் தப்பலாம், பழையபடி அடிமைகளாக உயிர் வாழலாம் என்கிறான் அவன்.

தன்னால் தோழர்கள் சாக வேண்டாம் என்று தலைவன் எழுகிறான். அவன் வாய் திறக்கு முன்னே பக்கத்திலிருந்தவன் எழுந்து, அந்தப் பெயர் என்னுடையது என்கிறான். அடுத்தவன் எழுகிறான், அதையே சொல்கிறான். அப்புறம் இன்னொருவன். பிறகு மலைச்சரிவு முழுதுமே எழுந்து நின்று அந்த ஒரே பெயரை முழங்குகிறது. தலைவனின் கன்னத்திலே கண்ணீர் வழிகிறது.

1960 அக்டோபரிலே வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ என்ற அமெரிக்கப் படத்திலே வரும் காட்சி இது. பார்த்தவர் மறந்ததில்லை. காட்டிக் கொடுப்பதை விடச் சாவதே மேல் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேச்சாளரும் மேடையிலே சொன்னதில்லை.

இன்று நாம் பேச வந்தது அந்த மனிதர்களின் முகங்களைப் பற்றி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படம் திரும்பத் திரும்ப விற்கப்படுகிறது. கொட்டகையிலே விற்றார்கள், டேப்பிலே விற்றார்கள், டி.வி.டி.யிலே விற்றார்கள், புளூரேயிலே விற்றார்கள், அதே புளூரேயிலே மறுபடியும் விற்றார்கள், இப்போது 4கே வட்டிலே விற்கிறார்கள். பெயர் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஒன்றுதானா என்று கேட்கிறோம். ஒன்றல்ல என்கிறோம். எங்கே எதை வெட்டினார்கள், எதைத் துடைத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பெயர் சொல்ல மறுத்தவர்கள்

கி.மு. 73ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டுக் கப்புவா நகரத்தில், ஒருவரை ஒருவர் கொன்று சீமான்களுக்கு வேடிக்கை காட்டப் பயிற்றுவிக்கப்பட்ட அடிமைகள் எழுபது பேருக்கு மேல் தப்பி ஓடினார்கள். அவர்களைச் சுற்றி ஒரு படையே திரண்டது. இரண்டாண்டு காலம் ரோமாபுரியை நடுங்க வைத்தது. கி.மு. 71இலே தோற்றது. பிடிபட்டவர்களில் ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் சிலுவையிலே அறைந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பார்ட்டகஸின் உடல் மட்டும் கிடைக்கவேயில்லை.

இந்தக் கதையை நாவலாக எழுதியவர் ஹோவர்ட் பாஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலே பிராங்கோவை எதிர்த்து நின்று அகதிகளானவர்களுக்கு உதவி திரட்டிய குழுவிலே இருந்தவர். அந்தக் குழுவின் கணக்கேடுகளைக் கொடு, பணம் தந்தவர்கள் பெயரைச் சொல் என்றது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு. முடியாது என்றார். 1950இலே மூன்று மாதம் சிறைக்குப் போனார். வெளியே வந்து எழுதிய நாவலை எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை. 1951இலே தாமே அச்சிட்டு விற்றார்.

திரைக்கதை எழுதியவர் டால்டன் டிரம்போ. 1947இலே வாஷிங்டனில் விசாரணைக் கூண்டிலே நிறுத்தி, நீ கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவனா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரிலே அவரும் ஒருவர். சிறை. சிறைக்குப் பின் கருப்புப் பட்டியல். படக் கம்பெனி எதுவும் அவருக்கு வேலை தராது; தந்தாலும் பெயர் வெளியே வராது. வேறொருவர் பெயரிலே எழுதினார், பாதிக் கூலிக்கும் கால் கூலிக்கும் எழுதினார். ‘ரோமன் ஹாலிடே’ என்ற படத்தின் கதைக்கு 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதை வாங்கிக் கொண்டவர் பெயரை இரவல் தந்த நண்பர்.

‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தையும் முதலிலே சாம் ஜாக்ஸன் என்ற பொய்ப் பெயரிலேதான் டிரம்போ எழுதினார். படத்தைத் தயாரித்துத் தலைவனாகவும் நடித்த கிர்க் டக்ளஸ், உண்மைப் பெயரையே திரையிலே போடுவது என்று முடிவெடுத்தார். அதே 1960இலே வேறொரு படத்துக்காக ஆட்டோ பிரெமிங்கர் என்ற இயக்குநரும் டிரம்போ பெயரை வெளிப்படையாக அறிவித்திருந்தார். இருவருமாகச் சேர்ந்து பத்தாண்டுக்கு மேலாக நின்ற சுவரிலே கடப்பாரை போட்டார்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கம் எதிர்ப்புக் காட்டியது. 1961 பிப்ரவரியிலே கென்னடியே வாஷிங்டன் நகரக் கொட்டகைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். எதிர்ப்பு அடங்கியது.

பெயர் சொல்ல மறுத்துச் சிறை சென்ற ஒருவர் எழுதிய நாவல்; பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்ற இன்னொருவர் எழுதிய திரைக்கதை. மலைச்சரிவுக் காட்சி எங்கிருந்து வந்தது என்று இனியும் விளக்க வேண்டுமா?

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். படத்திலே ரோமாபுரிப் படையாக அணிவகுத்து வந்த எண்ணாயிரம் பேரும் ஸ்பெயின் நாட்டு ராணுவத்தினர். அன்று அந்த நாட்டை ஆண்டவன் பிராங்கோ. அடிமைகளின் முழக்கமாக நாம் கேட்கிறோமே, அந்தக் குரலிலே பெரும்பகுதி, 1959இலே மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்திலே கூடியிருந்த 76 ஆயிரம் ரசிகர்களைக் கத்தச் சொல்லிப் பதிவு செய்தது.

கத்தரிக்கோலின் கதை

படம் கொட்டகைக்குப் போகுமுன்பே கத்தரி விழுந்தது. ரோமாபுரிப் பிரபு கிராசஸ் குளிக்கும்போது, பணிவிடை செய்யும் இளம் அடிமை அந்தோனினஸிடம் சாப்பாட்டு ருசியைப் பற்றிக் கேட்கிறான். கேள்வி சாப்பாட்டைப் பற்றியதல்ல. உன் உடலும் எனக்குத்தான் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறான் சீமான். தணிக்கைக்காரர்களும் மத ஒழுக்கச் சங்கத்தாரும் கூடாது என்றார்கள். வெட்டப்பட்டது. அந்த இளைஞன் அன்றே மாளிகையை விட்டு ஓடி அடிமைப் படையிலே சேருகிறான். ஏன் ஓடினான் என்ற காரணத்தின் பாதி, அந்தத் துண்டோடு தரையிலே விழுந்தது. போர்க்களத்தின் கோரத்தைக் காட்டிய சில துண்டுகளும் போயின.

1967இலே படத்தை மறுபடி ஓட்டினார்கள். மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு எத்தனை காட்சி நடத்த முடியும்? இன்னும் 23 நிமிடத்தை வெட்டி 161 நிமிடமாக ஆக்கினார்கள். முன்னது ஒழுக்கத்தின் பெயரால் வெட்டியது. பின்னது வசூலின் பெயரால் வெட்டியது. கத்தரி ஒன்றுதான், பிடித்த கைதான் வேறு.

1991இலே ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் என்ற இருவரும் உடன் உழைத்தோரும் படத்தைத் திரும்பச் சேர்த்துக் கட்டினார்கள். அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு படத்தின் மூல நெகட்டிவ் என்பது விதை நெல். ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தின் விதை நெல்லிலே சாயம் வெளுத்துப் போயிருந்தது. வண்ணப் படச்சுருளிலே நிறம் என்பது சாயம். சாயம் காலத்தால் வெளுக்கும். கருப்பு வெள்ளைச் சுருளிலே இருப்பது வெள்ளி. வெள்ளி எளிதில் மங்காது. இதை அறிந்து, படமெடுத்த காலத்திலேயே மூன்று வண்ணங்களையும் தனித்தனியே பிரித்து மூன்று கருப்பு வெள்ளைச் சுருள்களிலே எடுத்து வைத்திருந்தார்கள். முப்பதாண்டு கழித்து அந்த மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி நிறத்தை மீட்டார்கள். கருப்பு வெள்ளைதான் வண்ணத்தைக் காப்பாற்றியது!

வெட்டி எறிந்த குளியல் காட்சி கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. இளைஞனாக நடித்த டோனி கர்டிஸ் முப்பது வயது கூடிய தொண்டையோடு வந்து தம் வசனத்தை மறுபடி பேசினார். கிராசஸாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர் 1989இலேயே காலமாகிவிட்டார். அவர் குரலிலே ஆண்டனி ஹாப்கின்ஸ் பேசினார். முன்னுரை இசை, இடைவேளை எல்லாம் சேர்ந்து படம் 197 நிமிடமாகத் திரும்பி வந்தது. வீட்டிலே பார்க்க இன்று கிடைக்கும் நல்ல பதிப்புகளுக்கெல்லாம் தாய் அந்த 1991ஆம் ஆண்டு வேலைதான்.

மெழுகு முகங்கள்

பெரிய திரைக்கென எடுத்த படத்தை வீட்டுப் பெட்டிக்குள் அடைப்பது எப்படி? பழைய தொலைக்காட்சிப் பெட்டி சதுரத்துக்குச் சற்று நீளம். அகலத் திரைப் படமோ உயரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் அகலம். அதனால் டேப் காலத்திலும் தொலைக்காட்சியிலும் அகலப் படங்களைப் பக்கவாட்டிலே வெட்டிப் பொருத்துவது வழக்கமாக இருந்தது. இவ்வளவு அகலமான படத்தை அப்படி வெட்டினால் பத்தில் நான்கு பங்கு போய்விடும். ஒரு பக்கம் ரோமாபுரிப் படை சதுரம் சதுரமாக வர, மறுபக்கம் அடிமைகள் எரியும் கட்டைகளை உருட்டிவிடக் காத்திருக்கும் போர்க்களத்தை எண்ணிப் பாருங்கள். எந்தப் பக்கத்தை வெட்டுவது?

டி.வி.டி. வந்தது. 1991 பதிப்பு அதிலே வந்தது. 2006இலே எச்.டி. டி.வி.டி. என்ற புது வகை வட்டிலும் இந்தப் படத்தை விற்றார்கள். 2008இலே அந்த வகை வட்டே தொழிலை விட்டு மறைந்தது. வாங்கியவர் கையிலே மிச்சம் ஓடாத இயந்திரமும் உதவாத வட்டும். இரண்டு கம்பெனிக் கூட்டங்கள் சந்தைக்குச் சண்டையிட்டன, காயம்பட்டவன் வாங்கியவன்.

அப்புறம் 2010. படம் வெளிவந்து ஐம்பதாண்டு நிறைவு என்று கொட்டி முழக்கிப் புளூரே வட்டு வந்தது. டி.வி.டி.யிலே ஒரு படத்துக்குச் சுமார் 3.5 லட்சம் புள்ளிகள்; புளூரேயிலே சுமார் 20 லட்சம். அப்படியானால் முகம் ஐந்தாறு பங்கு தெளிவாக அல்லவா தெரிய வேண்டும்? வட்டைப் போட்டுப் பார்த்தால் மெழுகுப் பொம்மைகள்! மனிதர்களின் தோலிலே துளை இல்லை. கன்னத்திலே சுருக்கம் இல்லை. சணல் துணியிலே இழை இல்லை. வடிவங்களின் ஓரத்திலே மட்டும் பேனாவால் கோடு இழுத்தது போன்ற செயற்கைக் கூர்மை. வெயிலிலே கல்லுடைத்தவன் முகமும் வெந்நீரிலே குளித்த சீமான் முகமும் ஒரே வழவழப்பு.

எப்படி நேர்ந்தது இது? படச்சுருளை உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாகத் துகள் தெரியும். வெளிச்சம் பட்டு உருவம் பதிவது அந்தத் துகள்களாலேதான். தறியிலே நெய்த துணிக்கு ஊடும் பாவும் எப்படியோ, அப்படிப் படத்துக்குத் துகள். கணிப்பொறியிலே ஒரு வடிகட்டி உண்டு. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எது மாறிக் கொண்டே இருக்கிறதோ அதை அழுக்கு என்று முடிவு கட்டித் தேய்த்துவிடும். துகளும் மாறும், கன்னத்துச் சுருக்கத்தின் நுண்மையும் மாறும், புழுதியும் மாறும். வடிகட்டிக்கு எது அழுக்கு, எது முகம் என்று தெரியாது. அளவாகப் போட்டால் கறை மட்டும் போகும். அளவு மீறிப் போட்டால் மனிதனும் சேர்ந்து போவான். துணியிலே இழை தெரியக் கூடாது என்று இழையை உருவினால் துணி எங்கே மிஞ்சும்?

பழைய மூலப்படி ஒன்று கைவசம் இருந்தது. புதிதாகப் படியெடுக்கச் செலவாகும். பழையதையே வடிகட்டியிலே தேய்த்து, ஓரத்தைக் கூராக்கி, மேலட்டையிலே ஐம்பதாண்டு என்று அச்சடித்தால் வேலை முடிந்தது. பளபளப்பாக இருந்தால் போதும், வாங்குகிறவனுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்! கலப்பட அரிசிக்கு மெருகு போட்டு விற்கும் வியாபாரிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதிலே கொடுமை என்ன தெரியுமா? சிலுவைக்குப் போகத் துணிந்து எழுந்து நிற்கும் அந்தக் கூட்டத்திலே ஒவ்வொரு முகமும் தனி முகம். கிழவன் உண்டு, பையன் உண்டு, பல் போனவன் உண்டு, தழும்பு ஏறியவன் உண்டு. அடிமைக்கு முகம் கிடையாது, அவன் ஆண்டையின் சொத்து, எண்ணிக்கையிலே ஒன்று என்று சொன்னது ரோமாபுரி. இல்லை, எங்கள் ஒவ்வொருவருக்கும் முகமுண்டு, பெயருண்டு, அந்த ஒரு பெயரை நாங்கள் எல்லாரும் சுமப்போம் என்று பதில் சொன்னது மலைச்சரிவு. அந்தப் பதிலைச் சொல்லும் முகங்களையே மெழுகாக்கித் தந்தால், ரோமாபுரி செய்ய நினைத்ததை வடிகட்டி செய்து முடித்தது என்றுதானே பொருள்?

ஏமாந்தவர் சும்மா இருக்கவில்லை

இங்கேதான் நாம் மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. பார்த்தவர்கள் பேசினார்கள். 1991இலே இரவு பகலாக உழைத்துப் படத்தை மீட்ட ஹாரிஸே, இந்த வட்டு சரியில்லை என்று வெளிப்படையாக எழுதினார். படச்சுருள் அறிந்தவர்களும் காசு கொடுத்து வாங்கிய சாதாரண மக்களும் பழைய வட்டையும் புதிய வட்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். இந்த முகத்தைப் பார், அந்த முகத்தைப் பார் என்று படம் படமாகக் காட்டினார்கள். விளம்பரத்தின் குரலை விட ஒப்பீட்டின் குரல் உரக்கக் கேட்டது.

2015இலே கம்பெனி திரும்ப வந்தது. 1991இலே சேர்த்தமைத்த படத்தை 6கே அளவிலே புதிதாக ஸ்கேன் செய்து, ஹாரிஸையே துணைக்கு வைத்துக்கொண்டு, 4கே அளவிலே கறை நீக்கி, நிறம் திருத்தி, ஆறு தட ஒலியைச் சீர் செய்து, ‘மீட்கப்பட்ட பதிப்பு’ என்று புளூரே வெளியிட்டார்கள். 197 நிமிடப் படம் என்றால் 2 லட்சத்து 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனிப் படங்கள். அத்தனையும் கடந்து வர வேண்டிய வேலை அது.

இரண்டு வட்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். 2010 வட்டிலே தலைவன் கன்னத்துக் கண்ணீர் மெழுகின் மேல் வழியும் நீர். 2015 வட்டிலே புழுதி படிந்த தோலின் மேல் வழியும் கண்ணீர். துகள் திரும்பி வந்தது. துகளோடு மனிதனும் திரும்பி வந்தான். களத்திலே சதுரம் சதுரமாக வரும் படையைத் தொலைவிலிருந்து காட்டும் இடத்திலே, முன்பு சாம்பல் பூச்சாக இருந்தது இப்போது ஆட்களாகப் பிரிந்து தெரிகிறது. இந்தப் படத்தை எடுத்த டெக்னிராமா முறையிலே சுருள் பக்கவாட்டிலே ஓடும். சாதாரணப் படத்தைப் போல இரு மடங்கு பரப்பிலே உருவம் பதியும். அவ்வளவு வளம் நிறைந்த மூலத்தை வைத்துக்கொண்டு 2010இலே எவ்வளவு ஏழ்மையாகப் பரிமாறினார்கள் என்பது 2015 வட்டைப் பார்த்த பிறகே முழுமையாக விளங்கியது.

2020இலே அதே மீட்சி 4கே வட்டாக வந்தது. படத்துக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். நிழலும் வெளிச்சமும் இன்னும் ஆழம். பெரிய திரையும் அதற்கான இயந்திரமும் இருப்பவருக்கு அது சிறப்பு. சாதாரணப் பெட்டியிலே பார்க்கும் தொழிலாளிக்கு 2015 புளூரேயே போதும் என்பது நம் கருத்து. புதிது வந்ததென்றால் பழையது செத்துவிட்டது என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. 2010இலே வாங்கியவன் 2015இலே மறுபடி வாங்கினான். தவறு செய்தவன் ஒருவன். தண்டம் கட்டியவன் மற்றொருவன். முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டாவது கூலிக் காசு மிச்சமாகியிருக்கும்.

புதிய வட்டிலே இல்லாதது

அப்படியானால் 2015 வட்டை வாங்கிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. இதைத்தான் பலரும் சொல்வதில்லை.

2001இலே கிரைட்டீரியன் என்ற பதிப்பகம் இந்தப் படத்தை டி.வி.டி.யாக வெளியிட்டது. படத்தின் தெளிவிலே அது பின்னுக்குப் போய்விட்டது, உண்மை. ஆனால் அதிலே படத்தோடு சேர்ந்து ஓடும் உரை ஒன்று உண்டு. கிர்க் டக்ளஸ் பேசுகிறார். சிரிப்பும் சோகமுமாக நடித்துத் துணை நடிகருக்கான ஆஸ்கார் பெற்ற பீட்டர் உஸ்தினோவ் பேசுகிறார். மீட்ட ஹாரிஸ் பேசுகிறார். நாவலை எழுதி யாரும் அச்சிடாமல் தாமே அச்சிட்ட ஹோவர்ட் பாஸ்டே பேசுகிறார். படத்தின் முதல் வெட்டைப் பார்த்துவிட்டு டிரம்போ காட்சி காட்சியாக எழுதிய விமரிசனம் அதிலே இருக்கிறது. சிறை செல்லவிருந்த அந்தப் பத்துப் பேரைப் பற்றி 1950இலே எடுத்த செய்திப் படம் இருக்கிறது. கருப்புப் பட்டியலின் கதையே அந்த வட்டிலே இருக்கிறது.

புளூரே வட்டுகளிலே அந்த உரை இல்லை. 2015 வட்டிலே கிர்க் டக்ளஸோடு ஓர் உரையாடலும், மீட்ட வேலையைப் பற்றிய ஒரு சிறு படமும் உண்டு, நல்லவைதான். ஆனால் ஹோவர்ட் பாஸ்டின் குரல் இல்லை. அவர் 2003இலே மறைந்தார். உஸ்தினோவ் 2004இலே. டக்ளஸ் 103 வயதிலே 2020 பிப்ரவரியிலே. இனி அவர்களைக் கூட்டி வைத்துப் பேசச் சொல்ல முடியாது. அந்தக் குரல்கள் இருக்கும் இடம் பழைய வட்டு. முகத்தின் தெளிவு புதியதிலே. முகத்தின் வரலாறு பழையதிலே!

பழைய வட்டு என்று குப்பையிலே போட்டவன் எதைப் போட்டான் என்று இப்போது புரிகிறதல்லவா?

வட்டு என்பது வேடிக்கைப் பொருள் என்று இன்னமும் எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ‘ரோமன் ஹாலிடே’ கதைக்குப் பரிசு வேறொருவர் கைக்குப் போனது என்றோமே, அந்தப் படம் டி.வி.டி.யாக வந்தபோதுதான் திரையிலே டிரம்போ பெயர் ஏறியது. அவர் மறைந்தது 1976இலே. பரிசைக்கூட அவர் மறைந்த பிறகு 1993இலேதான் வழங்கினார்கள். எழுத்தாளர் சங்கம் முழு உரிமையையும் அவர் பெயருக்கு மீட்டுத் தந்தது 2011இலே. மறு வெளியீடு ஒன்று ஒரு மனிதனின் பெயரைத் திரும்பக் கொடுத்தது! மறு வெளியீட்டால் முகத்தைத் துடைக்கவும் முடியும், பெயரை மீட்கவும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆகவே தோழர்களே, பழைய படம் ஒன்று புதிய உறையிலே வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

எத்தனை நிமிடம்? வெட்டியதா, முழுதா என்பது அதிலே தெரியும். ‘ஸ்பார்ட்டகஸ்’ என்றால் 197 நிமிடம்.

எந்த மூலத்திலிருந்து, எந்த ஆண்டிலே படியெடுத்தது? மேலட்டையிலே எத்தனையாவது ஆண்டு நிறைவு என்று எழுதியிருக்கிறது என்பது முக்கியமல்ல. படியெடுத்த ஆண்டுதான் முக்கியம். இந்தப் படத்துக்கு ஐம்பதாண்டு நிறைவு என்ற 2010 உறையை ஒதுக்குங்கள். மீட்கப்பட்ட பதிப்பு என்ற 2015 உறையை எடுங்கள்.

முன்பு இருந்தது எது, இப்போது விட்டுப் போனது எது? பட்டியலை ஒப்பிடுங்கள். பழைய வட்டிலே நல்லது இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள்.

ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. படிப்பகத்திலே ஒரு வட்டு இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலே ஐம்பது பேர் உட்கார்ந்து பார்க்கலாம். படம் முடிந்த பிறகு, எழுதியவன் யார், அவன் ஏன் சிறைக்குப் போனான் என்பதை ஒரு தோழர் எழுந்து பத்து நிமிடம் சொன்னால், விட்டுப் போன உரையை நாமே இட்டு நிரப்பியவர்களாவோம். இளைஞர்கள் கேட்கட்டும்.

நெகட்டிவ் யார் பெட்டகத்திலே இருக்கிறதோ அவன் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், தேய்க்கலாம், மறைக்கலாம் என்ற நிலை இருக்கிறது. உண்மைதான். ஆனால் பார்த்தவன் ஞாபகம் வைத்திருந்தால், பக்கத்திலே வைத்து ஒப்பிட்டுக் காட்டினால், இது அந்த முகம் அல்ல என்று உரக்கச் சொன்னால், பெட்டகம் திறந்தே தீரும் என்பதை 2010க்கும் 2015க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டு காட்டிவிட்டது.

அடுத்த முறை அந்த மலைச்சரிவைப் பார்க்கும்போது தலைவனை மட்டும் பார்க்காதீர்கள். மூன்றாவது வரிசையிலே, நான்காவது வரிசையிலே எழுந்து நிற்கிறானே பெயர் தெரியாத ஒருவன், அவன் முகத்தைப் பாருங்கள். தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது நல்ல வட்டு. தெரியாவிட்டால், காசைத் திரும்பக் கேளுங்கள்.